தரையிலிருந்து ஒரு சாண்

சாலிகுளத்தில் பொதுக்கூட்டம் என்றால் நாற்காலி கிடையாது. எப்போதோ ஒரு கல்யாண வரவேற்பில் முதல் வரிசையில் யார் உட்காருவது என்று தொடங்கிய வாய்த்தகராறு, இரண்டு தெருக்காரர்கள் ஒருவருக்கொருவர் பெண் கொடுக்காமல் போகிற அளவுக்கு முற்றிவிட்டது. அதற்குப் பிறகு ஊர்கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். இனி எந்தக் கூட்டமானாலும் எல்லோருக்கும் ஜமுக்காளம்தான். ரைஸ்மில் முதலாளியும் தரையில், மூட்டை தூக்குகிறவரும் தரையில். மேடையில் இருக்கும் அதிகாரிகளுக்கு மட்டும் விலக்கு. ஊரில் நாற்காலி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒரே மனிதர் அந்த வருஷமே கடையை மூடிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார்.

ஆகவே, மூடிக் கிடந்த பழைய உரக் கம்பெனியின் இடத்தில் வீடு கட்டலாமா வேண்டாமா என்று கேட்க அரசாங்கம் கூட்டம் போட்டபோதும் ஊரே தரையில்தான் உட்கார்ந்தது. எந்த இடத்தைப் பற்றிப் பேச்சோ அந்த இடத்திலேயே கூட்டம் நடத்த வேண்டும் என்பது விதி. உரமூட்டை அடுக்கி வைத்த கம்பெனியின் பெரிய கிட்டங்கியில், சன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்திருந்த நான்கு சுவர்களுக்குள், வெறும் மண்மேல் ஜமுக்காளம் விரித்தார்கள். சிமெண்டுத் தரையை ஏற்கெனவே பெயர்த்து எடுத்திருந்தார்கள். மண்ணுக்குள் ஊறிப்போன உர உப்பைத் தின்று தீர்ப்பதற்காக ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய நுண்ணுயிர்களை அதில் விட்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் அவற்றை உரந்தின்னிப் பூச்சி என்றார்கள்.

தங்கபுஷ்பம் மட்டும் சுவரோரமாக ஒரு உயரமான முக்காலியில் சாய்ந்து நின்றிருந்தாள். தையல் மிஷினை மிதித்து மிதித்து நாற்பது வயதிலேயே அவளுடைய முழங்கால்கள் மடங்க மறுத்தன. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும்.

வீடு வேண்டும் என்று கேட்ட வாடகைக் குடித்தனக்காரர்களுக்கு அவள்தான் தலைவி. லாரி ஓட்டும் புருஷன், தங்கை செல்வக்கனி, அவளுடைய தவழும் குழந்தை எல்லோரும் ஒரே அறையில் இருந்தார்கள். அந்த அறையையும் ஆடி முடிந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதுதான் முதல் நிபந்தனை. யாரிடமும் கேட்காமல் ஒரு ஆணி அடிக்க வேண்டும், அதில் ஒரு காலண்டர் மாட்ட வேண்டும். அவள் கனவு அவ்வளவுதான். அதற்காக நான்கு பக்கப் பேச்சு ஒன்றை மனப்பாடம் செய்து வந்திருந்தாள்.

எதிர்க்கட்சிக்குத் தலைவர் தனுஷ்கோடி அண்ணாச்சி. பெயிண்ட் கடைக்காரர். கம்பெனி மதிலை ஒட்டி அவர் வீடு. கம்பெனி ஓடிய காலத்தில் அவர் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது. அதைக் குடித்துத்தான் தன் மனைவி பொன்னுத்தாயி போய்ச் சேர்ந்தாள் என்பது அவர் நம்பிக்கை. அந்த மண்ணில் ஒரு செங்கல்கூட வைக்க விடமாட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு மண்டை உடையும் என்று எதிர்பார்த்து வாசலில் போலீஸ் நின்றது.

கோட்டாட்சியர் மைக்கைத் தட்டி, "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். முன்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். 'வணக்கம் சொன்னதுக்கு என்ன சிரிப்பு' என்று முறைத்துத் திரும்பிய பக்கத்து ஆளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது அப்படியே பின்னால் பரவியது.

தனுஷ்கோடி அண்ணாச்சி எழுந்தார். "இந்த மண்ணு வெசம்..." என்று ஆரம்பித்தவருக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "வெசம்ங்கேன், இவனுவ சிரிக்கானுவ!" கூட்டம் உருண்டு புரண்டது. ஆனால் அவர் நின்று பேசப் பேசச் சிரிப்பு வடிந்தது. பொன்னுத்தாயி பேரைச் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. காலடியில் ஊரே சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவமானத்தில் முகம் கறுத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம்தான். மறுபடி அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன.

"அப்போ உங்க ஆட்சேபணையை எழுதிக்கலாமா?" என்றார் கோட்டாட்சியர்.

"என்னத்துக்கு சார் ஆட்சேபணை? கட்டட்டும்! நல்லாக் கட்டட்டும்! பெயிண்ட் மட்டும் நம்ம கடையில வாங்கச் சொல்லுங்க!"

கிட்டங்கியின் தகரக் கூரை அதிர்ந்தது. ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார்கள். தூக்காத கை இல்லை. சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவர் கையையும் சேர்த்துத் தூக்கினார். தங்கபுஷ்பத்தின் நான்கு பக்கப் பேச்சு நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. போனால் போகட்டும், ஜெயித்தாகிவிட்டதே! சந்தோஷத்தில் அவளுக்கு முக்காலியிலிருந்து கீழே விழாத குறை. நின்று பேசும்போது கண் கலங்கிய அண்ணாச்சி, உட்கார்ந்ததும் ஏன் சிரித்தார் என்று மனசின் ஒரு ஓரத்தில் கேள்வி எழுந்தது. நல்ல நாளும் அதுவுமாக அதை நோண்டுவானேன் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் தங்கையையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனாள். மாதிரிக்கு ஒரு வீட்டின் அளவை அங்கே ஒரு மூலையில் சுண்ணாம்புத் தூளால் வரைந்து வைத்திருந்தார்கள். தங்கபுஷ்பம் கோடுகளுக்கு நடுவே ராணி மாதிரி நடந்தாள்.

"யக்கா, கதவத் தொறக்காம உள்ள வந்துட்ட!" என்றாள் செல்வக்கனி.

"எங்க வீட்டுக்கு எப்பிடி வேணாலும் வருவேன், ஒனக்கென்னட்டி? இது அடுப்படி. அது படுக்கிற ரூம். இந்தச் செவுத்துல நாலு ஆணி அடிப்பேன். ஒண்ணுலயும் ஒண்ணும் மாட்ட மாட்டேன். சும்மா அடிப்பேன்!"

செல்வக்கனி சிரித்தபடி படுக்கை அறையில் துண்டை விரித்துக் குழந்தையை இறக்கிவிட்டாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை சிரிக்க ஆரம்பித்தது. யாரும் கிச்சுகிச்சு மூட்டவில்லை, முகம் காட்டவில்லை. வெறும் மண்ணைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. செல்வக்கனியும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சவுதிக்குப் போன புருஷன் போன் பண்ணாமல் போனதிலிருந்து பல்லைக் காட்டாதவள் அவள். தங்கபுஷ்பத்துக்கு மனசு நிறைந்துபோனது. குனிந்து குழந்தையை வாரி எடுத்தாள். சற்று நேரத்தில் சிரிப்பு நின்றது. குழந்தை சோர்ந்த கண்ணோடு தரையைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. இறக்கினாள், சிரித்தது. தூக்கினாள், கொஞ்ச நேரத்தில் அழுதது.

நேற்று ஓரமாக ஒதுக்கி வைத்த கேள்வி இப்போது நடுவீட்டில் வந்து நின்றது.

வாசல் பக்கம் ஒரு கம்பத்தில் மாட்டியிருந்த காற்று அளக்கும் மிஷினைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தாள் பர்வீன். பூச்சிகளை விட்ட நிறுவனத்தின் விஞ்ஞானி.

"டாக்டரம்மா, இந்த மிஷின் என்ன சொல்லுது?"

"எல்லாம் பச்சைதான் அக்கா. காத்து சுத்தமா இருக்கு."

"இத ஏன் இவ்வளவு ஒசரத்துல மாட்டியிருக்கீங்க?"

"மூச்சு விடற காத்தைத்தானே அளக்கணும்? அதான் மூக்கு உயரத்துல வைக்கணும்னு விதி."

"யாரு மூக்கு?"

பர்வீன் தன் மூக்குக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள்.

"அது நாக்காலியில உக்காந்து கட்டில்ல படுக்கிறவங்க மூக்கு, தாயி. நாங்க திங்கிறது தரையில. படுக்கிறது தரையில. இந்தப் பயலுக்கு மூக்கு எங்கன இருக்குன்னு பாருங்க."

பர்வீன் மிஷினைக் கழற்றினாள். மண்டியிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்தாள். பச்சை மஞ்சளானது. மஞ்சள் சிவப்பாகி மிஷின் வீறிட்டது. "ஐயோ" என்று சொன்னவள், அப்படியே உட்கார்ந்து எண்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கினாள்.

"பூச்சி உப்பத் தின்னுட்டுக் கடைசியில சாதாரண நைட்ரஜனா விடணும் அக்கா. இதுங்க சோம்பேறிப் பூச்சி! பாதியிலயே நிறுத்திடுது. நைட்ரஸ் ஆக்சைடு. சிரிப்பூட்டும் வாயு! பல்லு பிடுங்குறப்ப வலி தெரியாம இருக்கக் குடுப்பாங்களே, அது. காத்தை விடக் கனம். மேல வராது. கீழயே தேங்கிக் கிடக்கும்." அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து ஊரே... ஊரே அதுக்குள்ள உக்காந்து ஓட்டுப் போட்டிருக்கு!"

"புள்ளைக்கு ஆகுமா?"

"கொஞ்ச நேரம்னா ஒண்ணுமில்ல. தினமும் ராத்திரி முழுக்க இதுல படுத்தா நரம்பு கெட்டுடும். கை கால் மரத்துப்போகும். நடை தள்ளாடும்." அவள் கண்களில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. வாய் மட்டும் சிரித்தது. "சிரிக்கக் கூடாதுன்னுதான் நினைக்கிறேன் அக்கா. முடியல!"

செல்வக்கனி குழந்தையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

"எப்ப நிக்கும்?"

"உப்பு தீர்ந்தா பூச்சி தானா செத்துடும். ஒரு வருஷம் ஆகும். ஆனா இதை நான் மேல சொன்னா நேத்து வாங்கின சம்மதம் ரத்தாயிடும். திரும்பக் கூட்டம், திரும்பச் சண்டை. சொல்லாம விட்டா ஆடி முடிஞ்சதும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டலாம்." பர்வீன் தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். "என்ன பண்ணலாம் அக்கா? எனக்கு இப்ப எது கேட்டாலும் சரின்னுதான் வருது!"

தங்கபுஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தரையில் இறங்கினாள். அது என்னதான் செய்கிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. முதலில் உதடு கூசியது. பிறகு முழங்கால் வலி போயிற்று. எத்தனையோ வருஷமாகக் கூடவே குடியிருந்த வலி, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. அவள் காலை மடக்கிச் சம்மணம் போட்டாள். போட முடிந்தது! சுண்ணாம்புக் கோட்டுச் சுவர் முழுக்க ஆணிகளாகத் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இப்படியே இருந்துவிட்டால் என்ன? யார் கேட்கப் போகிறார்கள்? குழந்தையை வேண்டுமானால் தொட்டிலில் போட்டுக்கொள்ளலாம்.

அந்த எண்ணம் வந்ததும்தான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்த முடிவானாலும் நின்றுகொண்டு எடுப்பது என்று தீர்மானித்து, பர்வீன் தோளைப் பிடித்து எழுந்தாள். இருவரும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் மூன்று தடவை விழுந்தார்கள். வெளியே வெயிலில் நின்றதும் வலி திரும்பி வந்தது. அதை வாய்விட்டுத் திட்டினாள்.

நேராகத் தனுஷ்கோடி அண்ணாச்சி கடைக்குப் போனாள். அவர் பெயிண்ட் கலக்கிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். ஊரில் யாரும் அவர் பாடிக் கேட்டதில்லை.

"வா தங்கபுஷ்பம். ஒன் வீட்டுக்கு என்ன கலரு? கிளிப்பச்ச அடிப்போமா?"

"அண்ணாச்சி, ஒரு விசயம்..."

"நான் சொல்லுதேன் மொதல்ல. பொன்னுத்தாயி போனதுக்கப்புறம் நேத்துதான் சிரிச்சேன். ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி ஒறங்கினேன். அவளே வந்து, போதும் விடுங்கன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு. மனசு மாறிட்டு, பாத்துக்கோ."

அதற்குப் பிறகு அவரிடம் சொல்வது அவளுக்குச் சாமானியமாக இல்லை. ஆனாலும் சொன்னாள். பூச்சி, வாயு, மிஷின், மூக்கு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கலக்கிக்கொண்டிருந்த குச்சி டப்பாவுக்குள் நின்றது.

"அப்ப நேத்துச் சிரிச்சது நான் இல்லியா?"



"இத ஏன் வந்து சொன்ன?" அவர் குரல் உயர்ந்தது. "சொல்லாம இருந்தா ஒனக்கு வீடு. எனக்கு ஒறக்கம். ரெண்டையும் கெடுத்துட்டியே!"

"நீங்க வேணாம்னு சொல்லுங்க அண்ணாச்சி, நான் நேருக்கு நேரா சண்ட போட்டு செயிப்பேன். நீங்க சொல்லாத சரிய வாங்கிட்டுப் போயி அந்த வீட்டுல எப்பிடிப் படுக்க?"

அவர் டப்பாவை மூடினார்.

பர்வீன் மேலே எழுதிவிட்டாள். சம்மதம் ரத்தானது. வாடகைக்காரர்கள் தங்கபுஷ்பத்தைத் தெருவில் நிறுத்திக் கிழித்தார்கள். நம்ம ஆளே நம்மளக் கவுத்துட்டாளே என்று ஒரு பாட்டம் அழுதார்கள். ஆனால் செய்தி பரவிய இரண்டாம் நாள் யாருக்கும் அழ நேரமில்லை. ஊர் மொத்தமும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிட்டங்கிக்குக் கிளம்பிவிட்டது. பல்வலிக்காரர்கள் போனார்கள். பரீட்சையில் தோற்றவர்கள் போனார்கள். பேச்சுவார்த்தை இல்லாத மாமியாரும் மருமகளும் தனித்தனியாகப் போய், ஒருத்தி மடியில் ஒருத்தி விழுந்து சிரித்துவிட்டு, வெளியே வந்ததும் தனித்தனியாக வீட்டுக்குப் போனார்கள். காவலுக்குப் போட்ட ஆள் பாய்க்கு இடம்பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தைகளை மட்டும் உள்ளே விடாமல் தங்கபுஷ்பம் வாசலில் நின்று எல்லோரிடமும் வசவு வாங்கினாள். தனுஷ்கோடி அண்ணாச்சி அந்தப் பக்கமே வரவில்லை.

விதிப்படி அதே கிட்டங்கியில் நடந்த இரண்டாவது கூட்டத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. எல்லோரும் உயரத்தில் உட்கார வேண்டும் என்று கோட்டாட்சியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊர் தெளிவாக இருந்தது. தெளிவாக இருந்த ஊர் கேட்டதுதான் தங்கபுஷ்பத்தைத் திடுக்கிட வைத்தது.

"வீடு வேணாம்" என்றார்கள் சொந்த வீட்டுக்காரர்கள். "பூச்சி பாட்டுக்கு இருக்கட்டும். தீனி தீர்ந்துபோச்சுன்னா நாங்க யூரியா வாங்கிப் போடுதோம்."

"அதெப்படி, நீங்க மட்டும் சிரிக்கிறதுக்கா?" என்று எகிறினார்கள் வாடகைக்காரர்கள். "இப்பவே வீடு கட்டுங்க. பூச்சியோட கட்டுங்க. எங்களுக்குக் கீழ்த்தளம்தான் வேணும்!"

"நரம்பு கெட்டுடும்னு சொல்றேனே!" என்று பர்வீன் கத்தியது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

இதற்குள் பின்னால் வேறொரு சத்தம் கிளம்பியது. முதல் வரிசையில் ரைஸ்மில் முதலாளி எப்படி உட்காரலாம் என்று யாரோ கேட்டுவிட்டார்கள். பழைய கல்யாண வரவேற்பு கிளறப்பட்டது. பாட்டன் பேரெல்லாம் வெளியே வந்தது. ஒரு நாற்காலி பறந்தது. "இதுக்குத்தாம்ல நம்ம ஊருக்கு நாக்காலி ஆகாதுங்கது! தூக்கிப் போடுங்கல எல்லாத்தையும்!" என்று ஒரு பெரியவர் கூவ, ஊர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் தரையில் உட்கார்ந்தது. கோட்டாட்சியர் மைக்கில் கதறினார். அவர் குரலைக் கேட்டு முன்வரிசை களுக்கென்று சிரித்தது.

அவ்வளவுதான்.

"வீடு வேணும்ங்கறவங்க?" என்று கேட்டுப் பார்த்தார் கோட்டாட்சியர். எல்லாக் கையும் உயர்ந்தது. "வேண்டாம்ங்கறவங்க?" எல்லாக் கையும் உயர்ந்தது. "நான் ராஜினாமா பண்ணலாமா?" அதற்கும் உயர்ந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மேடையிலிருந்து பார்த்தார். சிரிப்பு வெள்ளத்தின் நடுவே இரண்டே பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒன்று தங்கபுஷ்பம். இன்னொன்று, கடைசிவரை நாற்காலியிலும் உட்காராமல் கையைக் கட்டிக்கொண்டு நின்ற தனுஷ்கோடி அண்ணாச்சி.

"ரெண்டு தரப்புக்கும் தலைவர் நீங்கதானே? நீங்களாவது தெளிவா இருக்கீங்களா? எதைக் கேட்கணும்னு சொல்லுங்க, கேக்கறேன்" என்றார் கோட்டாட்சியர்.

தங்கபுஷ்பத்துக்கு ஒரு வாக்கியம் போதும். ஆடி முடிந்ததும் வானம் தோண்டிவிடலாம். அண்ணாச்சிக்கும் அது தெரிந்திருந்தது. அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்தால் அந்த மண்ணில் எந்தக் காலத்திலும் செங்கல் விழாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் நீயே சொல் என்பது போலத் தலையை ஆட்டினார்.

"மொதல்ல மண்ணு சுத்தமாகணும் சார்" என்றாள் அவள். இன்னொரு வாடகை வீடு தேட வேண்டும் என்று நினைத்தபடியே அடுத்ததைச் சொன்னாள். "யாரும் யூரியா போடக் கூடாது. அண்ணாச்சி கெணத்தையும் சேத்து அளக்கணும். மிஷினத் தரையில இருந்து ஒரு சாண் ஒசரத்துல வச்சு, அங்கன பச்ச வந்த பெறகு வீடு கட்டணும்."

கோட்டாட்சியர் கேட்டார். கைகள் எல்லாம் உயர்ந்தன.

அண்ணாச்சி அவள் பக்கம் குனிந்தார். "இது செல்லுமா தங்கபுஷ்பம்?"

"செல்லாது அண்ணாச்சி. இதுல ஒரு கைகூடச் செல்லாது."

"பெறகு?"

"என் கை செல்லும்." அவள் கையை உயர்த்தினாள். "ஒங்க கை செல்லும்."

அவர் மதில் இருந்த பக்கம் பார்த்தார். அதற்கு அப்பால் அவர் வீடு, அவர் கிணறு. காலடியில் ஊர் புரண்டுகொண்டிருந்தது. அவர் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. கட்டியிருந்த கையைப் பிரித்து, கனமான எதையோ தூக்குகிற மாதிரி மெதுவாக உயர்த்தினார்.

"ஏகமனதாக நிறைவேறியது" என்று மைக்கில் அறிவித்தார் கோட்டாட்சியர்.

ஏகமனதாம்! தனுஷ்கோடி அண்ணாச்சியின் வாய் கோணியது. தொண்டைக்குள் ஏதோ உருண்டது. சட்டென்று பயந்துபோய் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னும் உயரத்துக்குப் போக வேண்டும் என்பது போலக் குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, கூரையைப் பார்த்து நின்றார்.

அப்போதும் சிரிப்பு வந்தது.